பழைய கார் ப்ரோஷர் சேர்க்கிறது முதலீடா? வாங்குறதுக்கும் விக்கிறதுக்கும் முன்னாடி இதைப் படிங்க



கார் பார்க்க ஷோரூமுக்குப் போனா, சேல்ஸ்மேன் பளபளன்னு ஒரு மடிப்புத் தாளைக் கையில கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாள் டீப்பாய் மேல கிடக்கும். அப்புறம் பழைய பேப்பரோட எடைக்குப் போயிடும். அந்தத் தாளைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்கிறவங்க உலகம் முழுக்க இருக்காங்க. நம்ம ஊர்லயும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ப்ரோஷர்களைத் தேடி அலையறவங்க இருக்காங்க.

இதைப் பத்தி ரெண்டு பேர் மெயில் அனுப்பியிருந்தாங்க. ஒருத்தர் மதுரைக்காரர். அவர் அப்பா 1970கள்ல ஒரு கார் டீலர்கிட்ட வேலை பார்த்தவர். பரண்ல ஒரு தகரப் பெட்டி நிறைய ப்ரோஷர், விலைப்பட்டியல் எல்லாம் இருக்காம். ஒருத்தர் வந்து பார்த்துட்டு, "பெட்டியோட 15,000 ரூபாய்க்கு எடுத்துக்கறேன்"னு சொல்லியிருக்கார். கொடுக்கலாமாங்கறது அவர் கேள்வி. இன்னொருத்தர் கோயம்புத்தூர்ல ஐடி வேலையில இருக்கிற தம்பி. மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி போட்டுட்டு இருக்கார். அதை 5,000 ஆக்கிட்டு, மிச்சத்துல பழைய ப்ரோஷர் வாங்கிச் சேர்க்கலாம்னு ஒரு யோசனை. "இது வருஷா வருஷம் விலை ஏறும்தானே சார்?"

ஒருத்தர் விக்கிற இடத்துல இருக்கார், ஒருத்தர் வாங்குற இடத்துல இருக்கார். ஆனா ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டிய விஷயம் ஒண்ணுதான். பழசா இருக்கறதாலயோ கார் அபூர்வமா இருக்கறதாலயோ மட்டும் ஒரு ப்ரோஷருக்கு விலை வந்துடாது. குறிப்பா அந்த ஒரு தாள் வேணும்னு கேட்கிற ஆள் இருக்கணும். அப்போதான் விலை.

அபூர்வ கார் வேற, அபூர்வ தாள் வேற

அமெரிக்காவுல டக்கர்னு ஒரு கார் வந்தது, 1948ல. மொத்தமே 51 கார்தான் செஞ்சாங்க. அப்போ அதோட ப்ரோஷரும் கிடைக்கவே கிடைக்காதுன்னு நினைப்போம் இல்லையா? அப்படி இல்லை. காரைச் செய்யறதுக்கு முன்னாடியே டீலர்ஷிப்பை வித்தாங்க, பொதுமக்கள்கிட்ட பங்கு வித்துப் பணம் திரட்டினாங்க. அதுக்கெல்லாம் விளம்பரத் தாள் வேணும். கார் வெளியே வரலை, காகிதம் மட்டும் ஊர் முழுக்கப் போச்சு. (அந்தப் பங்கு விவகாரம் கோர்ட் வரைக்கும் போய், 1950 ஜனவரியில டக்கர் விடுதலையானார். அது தனியா ஒரு வீடியோவுக்கான கதை.)

நம்ம ஊர்ல நிலைமை நேர் எதிர். லைசென்ஸ் ராஜ் காலத்துல வருஷத்துக்கு எத்தனை கார் செய்யலாம்ங்கறது அரசாங்கக் கட்டுப்பாட்டுல இருந்தது. ஃபியட் வேணும்னா முன்பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருக்கணும். இப்படி வரிசையில ஆள் நிக்கும்போது, பளபளப்பான ப்ரோஷர் போட்டு யாரை மயக்கணும்? தாள் இருந்தது. ஆனா அதை வச்சு விக்க வேண்டிய அவசியம் கம்பெனிக்கு இல்லை. வாங்குறவரும் மாடலைத் தேர்ந்தெடுக்கப் போறதில்லை, அலாட்மென்ட் வந்தா போதும். அதனால அம்பாசடர் 1950களின் கடைசியிலேர்ந்து 2014 வரைக்கும் ஓடின கார்னாலும், அதோட ஆரம்பகாலத் தாள்களைத் தேடினா லேசுல சிக்காது. 1990கள்ல வந்த நோவா, இசுஸு எஞ்சின் போட்ட 1800 ஐஎஸ்இசட் தாள்கள் அதை விடச் சுலபமா கண்ணுல படும். அந்த நேரத்துல மாருதியோட போட்டி. விளம்பரம் பண்ணியே ஆகணும்.

நம்ம சென்னைக் கதை ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961லேர்ந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் செஞ்சது. இங்கிலாந்துல அது ட்ரையம்ஃப் ஹெரால்ட். இத்தாலிக்காரர் ஜோவான்னி மிக்கெலோட்டி வடிவமைச்ச கார். இங்கிலாந்துல அதுக்கு ரெண்டு கதவுதான். நம்ம ஊர்ல குடும்பத்தோட போகணும், முன்னாடி டிரைவர் வேற உட்காரணும்னு நாலு கதவு ஹெரால்ட் வந்தது. அது இந்தியாவுல மட்டும்தான். அடுத்து 1972ல கெஸல், அதுவும் இங்கே மட்டும். அப்புறம் 1985ல ஸ்டாண்டர்ட் 2000. வெளியே பார்த்தா இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1, 1977ல ஐரோப்பாவின் சிறந்த கார்னு விருது வாங்கின உடம்பு. உள்ளே, பழைய வான்கார்ட் வழியில வந்த 1991 சிசி எஞ்சின். மூணு வருஷத்துல கடையைக் கட்டிட்டாங்க.

வியாபாரத்துல தோத்த கார்தான். ஆனா ப்ரோஷர் கணக்குல பாருங்க. கொஞ்ச காலம்தான் அச்சாச்சு. சென்னைக்காரருக்கு ஊர்ப் பாசம். இங்கிலாந்துல இருக்கிற ட்ரையம்ஃப், ரோவர் ரசிகருக்கு "நம்ம கார் மெட்ராஸ்ல எப்படி மாறிச்சு"ன்னு காட்டுற தாள். ரெண்டு நாட்டுல ஆள் தேடுற தாளுக்கும், ஒரே ஊர்ல நாலு பேர் தேடுற தாளுக்கும் வித்தியாசம் இருக்கு.

வாங்குறவங்க யாரு?

முதல் வகை, பழைய காரைப் புதுப்பிக்கிறவங்க. சீட் துணி என்ன நிறம், வீல் கப் எந்த டிசைன், டேஷ்போர்டுல எத்தனை மீட்டர் இருந்ததுன்னு பார்க்க அவங்களுக்கு ஆதாரம் வேணும். அமெரிக்காவுல ஏஏசிஏ மாதிரி சங்கங்களோட போட்டிகள்ல, கார் ஃபேக்டரியிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கான்னு பார்ப்பாங்க. சந்தேகம் வந்தா கம்பெனியோட அச்சுத் தாளைக் காட்டணும். ஆனா ப்ரோஷரை அப்படியே நம்பவும் கூடாது. "முன்னறிவிப்பின்றி மாற்றத்திற்கு உட்பட்டது"ன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி இருக்கும். படத்துல இருந்தது ரோட்டுக்கு வராமலே போனதுண்டு.

ரெண்டாவது வகை, படத்துக்காக வாங்குறவங்க. 1959லேர்ந்து 1971 வரைக்கும் பான்டியாக் விளம்பரங்களை ஆர்ட் ஃபிட்ஸ்பாட்ரிக், வான் காஃப்மன்னு ரெண்டு பேர் சேர்ந்து வரைஞ்சாங்க. ஒருத்தர் காரை வரைவார், இன்னொருத்தர் மனுஷங்களையும் பின்னணியையும் வரைவார். காரை நிஜத்தை விட அகலமா, தாழ்வா காட்டுவாங்க. அதை ஓவியமா நினைச்சே சேர்க்கிறாங்க.

மூணாவது வகைதான் நம்ம ஊர்ல அதிகம். "எங்க அப்பா வச்சிருந்த வண்டி சார்." பாசத்துக்கு வாங்குறவர். இவர் நல்ல விலை கொடுப்பார், ஆனா ஒரே ஒரு தாள்தான் வாங்குவார். அதோட அவர் கதை முடிஞ்சது.

இதுல ஒரு ரிஸ்க் இருக்கு, யாரும் சொல்ல மாட்டாங்க. முதல் வகைக்காரருக்கு வேண்டியது தகவல். யாராவது நல்லா ஸ்கேன் பண்ணி இணையத்துல போட்டுட்டா, அவருக்குத் தாளே தேவையில்லை. மூணாவது வகைக்காரருக்கு வயசாகுது. 1970கள்ல பின்சீட்ல உட்கார்ந்து போன பிள்ளைக்கு இன்னிக்கு 60 வயசு. அடுத்த தலைமுறைக்குப் பத்மினி மேல அதே பாசம் இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போ கோயம்புத்தூர் தம்பிக்கு வருவோம். கீழே இருக்கிறது உதாரணக் கணக்கு, சந்தை விலை இல்லை.

1,000 ரூபாய்க்கு ஒரு ப்ரோஷர் வாங்குறீங்க. 10 வருஷம் கழிச்சு 2,500க்கு விக்கிறீங்க. வருஷத்துக்கு 9.6 சதவீதம். பார்க்க நல்லா இருக்கு. ஆனா வாங்கும்போது கூரியர், நல்ல உறை, ஃபைல் எல்லாம் சேர்த்து 150 ரூபாய் ஆச்சுன்னு வைங்க. விக்கும்போது தளத்தோட கமிஷன், பேக்கிங், அனுப்புற செலவுன்னு 15 சதவீதம் போச்சுன்னு வைங்க. கைக்கு வர்றது 2,125, போட்டது 1,150. இப்போ வருமானம் வருஷத்துக்கு 6.3 சதவீதம்தான்.

இது வித்த தாளோட கணக்கு. நீங்க வாங்கினது பத்து. அதுல மூணு 2,500க்குப் போச்சு. நாலு, வாங்கின 1,000 ரூபாய்க்கே போச்சு. மூணுக்கு ஆளே வரலை. மொத்தம் போட்டது 11,500. செலவு போகக் கைக்கு வந்தது 9,775. பத்து வருஷம் காத்திருந்து நஷ்டம். "என்கிட்ட இருந்த ஒண்ணு ரெண்டரை மடங்கு போச்சு"ன்னு நண்பர்கிட்ட சொல்லும்போது அந்த மூணு மட்டும்தான் வாயில வரும்.

மியூச்சுவல் ஃபண்டா இருந்தா பட்டனை அமுக்கினா சில நாள்ல பணம் பேங்க்ல. ப்ரோஷரை விக்க எத்தனை மாசம் ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, அடகு வைக்கவும் முடியாது. அதனால தம்பி, எஸ்ஐபில கை வைக்காதீங்க. ஹோட்டல், சினிமா, ஊர் சுத்துறதுன்னு செலவுப் பணம் வச்சிருப்பீங்க இல்லையா, அதுலேர்ந்து மாசம் 500, 1,000 எடுத்து வாங்குங்க. தாராளமா வாங்குங்க. நல்ல பொழுதுபோக்கு. பட்ஜெட்ல "பொழுதுபோக்கு"ன்னு எழுதுங்க, "முதலீடு"ன்னு எழுதாதீங்க. எழுதின தலைப்பு மாறினா செலவு பண்ற கையும் மாறிடும்.

ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரே கார் இல்லேன்னா ஒரே கம்பெனின்னு எடுத்துக்கோங்க. கண்டதெல்லாம் வாங்கின 200 தாளை விட, ஹெரால்டோட எல்லா வருஷத்துத் தாளும் இருக்கிற 12 தாளுக்கு மதிப்பு அதிகம். விக்கணும்னு வந்தாலும் யார்கிட்ட போகணும்னு தெரியும்.

அசலா, ஜெராக்ஸா?

பழைய ப்ரோஷர் பெரும்பாலும் ஆஃப்செட் அச்சு. நகை பார்க்கிற 10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, சில நூறு ரூபாய்தான். படத்து மேல வச்சுப் பார்த்தா புள்ளிகள் வரிசையா, பூ மாதிரி வட்டம் வட்டமா அடுக்கி இருக்கும். இன்க்ஜெட்ல எடுத்த நகல்னா மை தெளிச்ச மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும். அச்சானதை ஸ்கேன் பண்ணி மறுபடி ஆஃப்செட்ல அடிச்சிருந்தா, புள்ளி மேல புள்ளி விழுந்து அலை அலையா தெரியும். எழுத்தோட ஓரத்தையும் பாருங்க. அசல்ல கருப்பு எழுத்து கூர்மையா இருக்கும். நகல்ல எழுத்தும் புள்ளியா உடைஞ்சிருக்கும்.

1950க்கு முந்தினதுன்னு சொல்லி விக்கிற தாளை இருட்டுல புற ஊதா டார்ச் அடிச்சுப் பாருங்க, ரூபாய் நோட்டு பார்க்கிற அதே டார்ச்தான். நீலமா பளிச்சுன்னு மின்னினா சந்தேகப்படுங்க. காகிதத்தை வெளுப்பாக் காட்டுற அந்த ரசாயனம் பரவலா சேர்ந்தது அதுக்கு அப்புறம்தான்.

கீழ் ஓரத்துல பொடி எழுத்தைப் படிங்க. அச்சடிச்சவர் பேரும் ஊரும் போடணும்னு 1867ம் வருஷ அச்சகச் சட்டமே சொல்லிச்சு. பல இந்தியத் தாள்கள்ல அது இருக்கும். சில கம்பெனி, வெளியீட்டு எண்ணும் போடும். பின்பக்கம் டீலர் முத்திரை இருந்தா சிலர் அழுக்குன்னு நினைப்பாங்க. எனக்கு அது போனஸ். முத்திரையில இருக்கிற பழைய ஃபோன் நம்பர்ல எத்தனை இலக்கம்னு பார்த்தே காலத்தை ஓரளவு சொல்லிடலாம்.

முக்கியமா, நடுப்பக்கம் இருக்கான்னு எண்ணுங்க. பெரிய படம் நடுவுலதான் இருக்கும், அதைக் கழட்டி சுவர்ல ஒட்டியிருப்பாங்க. உள்ளே தனியா செருகின விலைப்பட்டியலும் இருந்தா விடாதீங்க. விலை மாறினதும் கிழிச்சுப் போடுறது அதுதான், அதனாலயே ப்ரோஷரை விட அது கிடைக்கிறது கஷ்டம்.

வீட்டுல வைக்கிறது

லேமினேட் பண்ணாதீங்க. பண்ணின நிமிஷமே சேகரிக்கிறவங்க யாரும் தொட மாட்டாங்க. கிழிஞ்ச இடத்துல செல்லோடேப் ஒட்டாதீங்க, பத்து வருஷத்துல பழுப்பா கறை இறங்கும். சாதா பிவிசி உறையில வச்சா நாளாக ஆக மை பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும். பாலிப்ரொப்பிலீன் இல்லேன்னா பாலியெஸ்டர் உறைன்னு கேட்டு வாங்குங்க. துருப்பிடிச்ச ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்காதீங்க, தாளும் சேர்ந்து வரும். தெரிஞ்சவங்க கையில விடுங்க.

சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஈரக்காத்துதான் பெரிய எதிரி, அதோட சேர்ந்து இராமபாணப் பூச்சி. வெளிச்சுவர்ல ஒட்டி வச்ச பீரோவோட அடித்தட்டு வேண்டாம். நடுத்தட்டுல படுக்கை வசமா வைங்க. மாசம் ஒரு தடவை திறந்து காத்தாட விடுங்க.

விக்கிறதா இருந்தா

மதுரைக்காரருக்கு என் பதில்: இன்னிக்குக் கொடுக்காதீங்க. பெட்டியோட கேட்கிறவர் பெட்டிக்காகக் கேட்கலை. அதுல ரெண்டு மூணு தாளைப் பார்த்துட்டார். மிச்சம் அவருக்கும் பழைய பேப்பர்தான். 15,000 நியாயமான விலையாகவும் இருக்கலாம், ஆனா அது இப்போ அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

முதல்ல ஒவ்வொரு தாளையும் முன்னாடி பின்னாடி ஃபோட்டோ எடுங்க. கார் பேர், மொழி, பக்க எண்ணிக்கை, அச்சக வரின்னு ஒரு எக்செல் போடுங்க. அப்பா நல்லா இருக்காருன்னா பக்கத்துல உட்கார வச்சுக் கேளுங்க. எது எந்த வருஷம் வந்ததுன்னு அவர் சொல்றதை எந்த லென்ஸும் சொல்லாது. அப்புறம் ஈபேல தேடுங்க. அங்கே கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, "விற்று முடிந்தவை"ன்னு வடிகட்டிப் பாருங்க. 20,000 ரூபாய்னு போட்டு மூணு வருஷமா தொங்கறதும் இருக்கும். சென்னையில மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி பழைய கார் சங்கங்கள் இருக்கு. ரெண்டு மூணு பேர்கிட்ட பட்டியலைக் காட்டி எழுத்துல விலை கேளுங்க. வெளிநாட்டுல இங்கிலாந்தோட பியூலி சந்தை 1967லேர்ந்து, அமெரிக்காவுல பென்சில்வேனியாவின் ஹெர்ஷி சந்தை 1955லேர்ந்து நடக்குது. தாள் மட்டுமே விக்கிற கடைகள் அங்கே உண்டு.

வெளிநாட்டுக்கு அனுப்பணும்னா ஒரு சட்டத்தைத் தெரிஞ்சுக்கோங்க. 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, வரலாறு, இலக்கியம், அழகியல் மாதிரி மதிப்புள்ள ஆவணம் 75 வருஷம் தாண்டினா அது தொல்பொருள் ஆகலாம். தனிநபர் அதை ஏற்றுமதி பண்ணக் கூடாது. 1970கள் தாளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பெட்டியில 1940கள் தாள் ஏதாவது இருந்தா, இந்தியத் தொல்லியல் துறைகிட்ட "இது தொல்பொருள் அல்ல"ன்னு சான்று வாங்காம தபால்ல போடாதீங்க.

வரி விஷயம். சொந்த உபயோகப் பொருளை வித்தா மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனா ஓவியம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பெல்லாம் அந்தச் சலுகையில வராது. ப்ரோஷர் எந்தப் பக்கம்ங்கறதுல வாதத்துக்கு இடம் இருக்கு. வரி உண்டுன்னு எடுத்துக்கிட்டா, 24 மாசத்துக்கு மேல வச்சிருந்து 2024 ஜூலை 23க்கு அப்புறம் வித்ததுக்கு 12.5 சதவீதம், பணவீக்கச் சலுகை இல்லாம. மாசா மாசம் வாங்கி விக்க ஆரம்பிச்சுட்டா அது வியாபார வருமானம், உங்க ஸ்லாப்ல சேரும். தொகை பெருசுன்னா ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

விக்க வேண்டாம், வச்சுக்கலாம்னு முடிவு பண்ணினீங்கன்னா, அந்த எக்செல்லை பிரிண்ட் எடுத்துப் பெட்டி மேலேயே ஒட்டுங்க. ஒவ்வொண்ணும் எவ்வளவுக்கு வாங்கினது, யார்கிட்ட விக்கலாம்னு ரெண்டு பேரோட நம்பரும் எழுதுங்க. வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது பழைய பேப்பர்தான். தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்ணும்போது கிலோ கணக்குல போயிடக் கூடாது.

அடுத்த வாரம் வீடியோவுல பழைய நாணயம், "அஞ்சு ரூபாய் நோட்டுக்கு அஞ்சு லட்சம்"னு வர்ற ஃபார்வேர்டு மெசேஜ் பத்திப் பார்க்கலாம். அதுக்குள்ள யாராவது முன்பணம் கட்டச் சொன்னா கட்டிடாதீங்க.